முதல் ஓலை வாசித்த ஞாயிறு

அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாப்பிள்ளையின் போட்டோ வந்திருந்த நாள் அது. எனக்கு ஆண்கள் மேல் விருப்பம் வராது, பெண்கள் மேல்தான் வருகிறது, எவனைக் கட்டிவைத்தாலும் இது மாறாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அதற்கு முன் என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

அம்மா செதில் எடுத்து முடித்தாள். கையைக் கழுவினாள். பிறகு கேட்டாள்.

"யாருட்டி அவ?"

"யாரும் இல்லம்மா."

"ஆளே இல்லாம எப்படிட்டி தெரியும்?"

"ஒனக்கு அப்பாவப் பாக்கதுக்கு முந்தியே தெரியும்லாம்மா, மாப்பிள்ளைதான் வேணும்னு. அப்படித்தான்."

அதற்குத்தான் அடி விழுந்தது. அதற்கு முன் சொன்னதற்கு அல்ல.

அப்புறம் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாள். என் தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தாள். நான்காம் வாரம், சுகர் மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவள் சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்தாள். தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், அவர்களுடைய குடும்பத்தார் எல்லாருக்கும் ஆலோசனை. கட்டணம் இல்லை. ரகசியம் காக்கப்படும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராஜபாளையம், இரண்டு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர். ஆலோசனை என்றால் பிள்ளையைச் சரிசெய்து அனுப்புவார்கள் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். ரகசியம் என்ற சொல்லைப் பார்த்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரை முடிவு செய்தாள்.

"நம்ம ஊர்ல வச்சுன்னா பட்டாளத்துக்காரர் மக எதுக்கு வந்தான்னு கேப்பாக. அங்க நம்மள எவனுக்குத் தெரியும்?"

அப்பா ராணுவத்தில் இருக்கிறார். வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பார். அந்த மாதக் கடைசியில் லீவில் வருவதாக இருந்தார். அதற்குள் என்னைக் குணமாக்கிவிட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பால்கோவா கடைக்கு மேல் மாடி. படி ஏறும்போது அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கோயிலுக்குள், அதாவது சர்ச்சுக்குள், மட்டும்தான் அவள் அப்படிப் போடுவாள்.

மேலே சிறிய அறை, ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் நாற்காலியில் பியூலா பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகன் எட்வின்.

பியூலா பெரியம்மா எங்களுக்குச் சொந்தம் இல்லை. எங்கள் கோயிலின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளைப் பெரியம்மா என்றும் எட்வினை அண்ணன் என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள் நான். எட்வின் அண்ணன் மில் ஆபீஸில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு வாசிப்பான்.

"ஸ்தோத்திரம்க்கா" என்றாள் அம்மா. குரல் பாதிதான் வந்தது.

"ஸ்தோத்திரம். என்ன பரிபூரணம், இந்தப் பக்கம்?"

"பால்கோவா வாங்க வந்தோம்க்கா."

"மாடியிலயா?"

அம்மா முந்தானையைச் சரிசெய்தாள். "நீங்க என்னக்கா?"

"நாங்களும் பால்கோவாதான்."

எதிர் நாற்காலியில் இருந்தவர் தினசரியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். அவர் எங்கள் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். பேப்பர் தலைகீழாக இருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. உயரமாக, கைத்தறிச் சேலையில் ஒரு திருநங்கை வந்து நின்றாள். கையில் பாதி கடித்த வடை.

"ராஜபாளையத்துக்காரங்க எல்லாம் வந்தாச்சா?" என்றாள்.

தினசரி இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"கூச்சப்படாதீங்க. நான் இங்க உக்காந்தா உங்க ஊர்க்காரங்க வருவாங்க. ராஜபாளையத்துல உக்காந்தா இந்த ஊர்க்காரங்க வருவாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வந்து எல்லாரும் எல்லாரையும் பாத்துக்குவாங்க. வத்திராயிருப்புக்காரங்கதான் உஷாரு, நேரா மதுரைக்குப் போயிருவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தொடையில் கிள்ளினாள்.

"டாக்டர் எப்ப வருவாரு?" என்றாள் அம்மா.

"டாக்டர் இல்லம்மா. ஆலோசகர். நான்தான். பாண்டிசெல்வி."

முதலில் எங்களைக் கூப்பிட்டாள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மாத்திரையா ஊசியா என்று கேட்டாள். பாண்டிசெல்வி வடையைத் தாளில் சுற்றி ஓரமாக வைத்தாள்.

"அம்மா, இது சீக்கு கிடையாது. சீக்கு இல்லாததுக்கு மருந்து கிடையாது. மாத்துறேன்னு சொல்லி வைத்தியம் பாக்குறதே தப்புன்னு ஐகோர்ட்டே சொல்லிருக்கு."

"அப்ப எதுக்கு நோட்டீஸ் ஒட்டிருக்கீய?"

"பிள்ளை தைரியமா இருக்கதுக்கு. நீங்க அவள அடிக்காம இருக்கதுக்கு."

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அறையில் நானும் பாண்டிசெல்வியும் மட்டும். என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டாள். எனக்கு வார்த்தை வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னபோதும் இப்படித்தான் வராது. அங்கே எல்லாரும் சிரிப்பார்கள். இவள் சிரிக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து, "என்னை விட்டாப் போதும்" என்றேன்.

"யாரு விடணும்?"

"எல்லாரும்."

அவள் தன் போன் நம்பரை என் உள்ளங்கையில் எழுதிவிட்டாள். தாளில் எழுதினால் வீட்டில் எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் வெளியே வந்தபோது என் கல்யாணம் முடிவாகியிருந்தது.

பியூலா பெரியம்மா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணிலும் தண்ணீர். "கர்த்தர் நடத்துறாரு பரிபூரணம். ரெண்டு பேருக்கும் ஒரே கதை. நாளைக்கு நீங்க எங்களச் சொல்ல முடியாது, நாங்க உங்களச் சொல்ல முடியாது. வெளிய ஒரு ஆளுக்குத் தெரியப் போவுதா?" என்னைப் பார்த்தாள். "வாட்டி ஹெப்சிபா. இனிமே பெரியம்மான்னு கூப்பிடாத. அத்தைன்னு கூப்பிடு."

எட்வின் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாண்டிசெல்வி வாசலில் வந்து நின்றாள். "பிள்ளைகளக் கேட்டீங்களா?"

"கேட்டாப் போச்சு" என்றாள் அம்மா. "ஏட்டி, உனக்குச் சம்மதம்தான?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரேஷன் கடைக்காரர்கூடப் பேப்பரை இறக்கினார். தொண்டைக்குள் அந்தச் சொல் இருந்தது. மூன்று எழுத்துதான், 'இல்லை'. அது மேலே ஏறவில்லை. நான் தலையைக் குனிந்தேன்.

"பாத்தியளா, வெக்கத்த" என்றாள் பியூலா பெரியம்மா.

நான் குனிந்தால் சம்மதம், பேசாமல் இருந்தால் சம்மதம், எழுந்து போனால் வெட்கம். இருபது வருடமாக எங்கள் வீட்டில் என்னை அப்படித்தான் படித்துவந்தார்கள். தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை. ஒருமுறைகூட நான் மறுத்துச் சொன்னதில்லை.

அதற்கடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிப்பதாக முடிவாயிற்று. எங்கள் கோயில் வழக்கம் அது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஆராதனை நடுவில் போதகர் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசிப்பார். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். யாரும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் பெண் வீட்டார் குனிந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பார்கள், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் இருமுவார்கள். மூன்றாம் ஓலை முடிந்தால் பிறகு பேச்சே கிடையாது. அப்பா வந்து இறங்குவதும் மூன்றாம் ஓலையும் ஒரே வாரத்தில் வரும்படி பியூலா பெரியம்மா கணக்குப் போட்டிருந்தாள்.

நான் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் வேலை. டீ இடைவேளையில், பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பாண்டிசெல்விக்குப் போன் போட்டேன். அவள் ஹலோ சொன்னாள். என்னால் சொல்ல முடியவில்லை.

"மூச்சு கேக்குது. பால்கோவாக் கடை மாடியா?"

நான் ம் என்றேன்.

"பேசாட்டாலும் பரவால்ல. நான் கடலை திங்குறேன். நீ இரு."

பத்து நிமிடம் அவள் கடலை உடைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மறுநாள் நாலு வார்த்தை பேசினேன். அதற்கு மறுநாள் எல்லாவற்றையும் பேசினேன். இப்படிச் செய், அப்படிச் செய் என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள். வேண்டாம்னு சொன்னா வீட்டுல என்ன நடக்கும்? அடிப்பாங்களா, பூட்டி வைப்பாங்களா? ஆதார் கார்டு யார்கிட்ட இருக்கு? மார்க் ஷீட்? வெரட்டி விட்டா அன்னைக்குச் சாயங்காலம் எங்க போவ? நான் யோசிக்காத கேள்விகள். ஆதாரையும் மார்க் ஷீட்டையும் எடுத்து, என்னோடு துணி மடிக்கிற மாரிக்கனியிடம் கொடுத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. டிபன் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல பாயி ரெண்டு கெடக்கு" என்றாள்.

"இன்னொண்ணு" என்றாள் பாண்டிசெல்வி. "உன்னப் பத்தி நீ எங்க வேணும்னாலும் சொல்லு. சொல்லாமயும் இரு. அது உன் இஷ்டம். ஆனா அந்தப் பையனப் பத்தி நீ சொல்லக் கூடாது. அது அவன் சொத்து."

வியாழக்கிழமை எட்வின் அண்ணனே கம்பெனி வாசலுக்கு வந்தான். பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேசினான்.

"ஹெப்சி, நல்லா யோசிச்சுப் பாரு. நீ மாடியில இரு, நான் கீழ இருக்கேன். உன் வழிக்கு நான் வரமாட்டேன், என் வழிக்கு நீ வராத. ஊரு வாய அடைச்சிரலாம். ரெண்டு பேரும் தப்பிச்சிருவோம்."

"ஒரு வருசம் தப்பிக்கலாம்ணே. பொறவு பிள்ளை எங்கன்னு கேப்பாக."

"அப்பப் பாத்துக்கலாம்."

"உனக்கு யாரும் இருக்காகளா?"

அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டான். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "மதுரையில இருக்கான். நாலு வருசமா."

"அவருக்கு என்ன சொல்லப் போற? மாடியில ஒருத்தி இருக்கான்னா?"

அவன் பைக் சாவியைத் திருப்பினான்.

"வேண்டாம்னு நீயே சொல்லேண்ணே. ஆம்பளை சொன்னா கேப்பாக."

"எங்கம்மாகிட்ட என்னால முடியாதுட்டி." பைக்கை உதைத்தான். கிளம்பும் முன் திரும்பினான். "நீ என்ன செஞ்சாலும் செய். என்னச் சொல்லிக் குடுத்திராத. நான் செத்துருவேன்."

அவன் சும்மா சொல்லவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரலிலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்கு மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு. முன்னால் பியூலா பெரியம்மா அடிக்கடி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எட்வின் அண்ணன் கீபோர்டில் இருந்தான். இரண்டாம் பாட்டில் இரண்டு இடத்தில் தப்பாக அடித்தான்.

போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலைப் புத்தகத்தைத் திறந்தார். எட்வின் அண்ணனின் அப்பா பெயர், அவன் பெயர். என் அப்பா பெயர், என் பெயர். "இவ்விருவருக்கும் நடக்கவிருக்கிற விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். இது முதலாம் ஓலை." வழக்கம்போல அடுத்த அறிவிப்புக்கு விரலை நகர்த்தினார்.

நான் எழுந்து நின்றேன்.

நிற்பது மட்டும்தான் முதலில் முடிந்தது. அம்மா சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "ஒண்ணுக்கு வருதாட்டி?" என்றாள் மெதுவாக. போதகர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து, மாதாந்திரக் கூட்டம் பற்றி வாசிக்க ஆரம்பித்தார். நின்றால் போதாது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

"ஐயா, தடை இருக்கு."

கோயில் அப்படியே நின்றது. என் குரல் சின்னதுதான். ஆனால் போதகர் வாசிப்பதை நிறுத்தினார்.

"என்னம்மா?"

"எனக்குச் சம்மதம் இல்ல ஐயா. என்னைக் கேக்காம எழுதிட்டாக."

"அம்மாடி, இதெல்லாம் ஆராதனை முடிஞ்சு பேசலாம்."

"தடை இருந்தாச் சொல்லுன்னு இப்பத்தான ஐயா கேட்டீய. இப்பத்தான் சொல்லணும்."

ஆண்கள் பக்கம் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். போதகர் புத்தகத்தை மூடினார். "இந்த ஓலை நிற்கட்டும்" என்றார். நான் உட்கார்ந்தேன். அம்மா எழுந்து பின் பெஞ்சுக்குப் போய்விட்டாள். எனக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலியானது. பிரசங்கம் நாற்பது நிமிடம். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை. காணிக்கைப் பை என்னைத் தாண்டிப் போகப் பார்த்தது. கையை நீட்டி வாங்கிப் போட்டேன்.

வெளியே காம்பவுண்டில் செருப்புகள் கிடந்த இடத்தில் பியூலா பெரியம்மா காத்திருந்தாள். அவளைச் சுற்றிப் பெண்கள் ஐக்கிய சங்கம் முழுவதும் நின்றது.

"என் மகனுக்கு என்னட்டி குறை? கையில்லையா, காலில்லையா? சம்பளம் இல்லையா? சொல்லு. ஊமைன்னு நெனச்சோம், சபையில எந்திரிச்சு மானத்த வாங்கிட்டியே. சொல்லுட்டி, என்ன குறை?"

நான் சொல்ல மாட்டேன் என்ற தைரியம் அவளுக்கு இன்னும் இருந்தது. நான் எட்வின் அண்ணனைப் பார்த்தேன். கீபோர்டு வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு சொல் போதும் எனக்கு. அதைச் சொன்னால் அவள் வாய் அந்த நிமிடமே மூடும். அத்தனை பேரும் என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்புவார்கள்.

"எட்வின் அண்ணன்கிட்ட ஒரு குறையும் இல்ல பெரியம்மா."

"அத்தைன்னு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். "பொறவு என்னட்டி?"

"எனக்குப் பொம்பளைங்க மேலதான் ஆசை வரும். ஆம்பளை யாரையும் கட்ட மாட்டேன். அண்ணன் இல்ல, யாரு வந்தாலும் கட்ட மாட்டேன்."

யாரோ "இயேசப்பா" என்றார்கள். ஒருத்தி தன் மகளின் காதைப் பொத்தினாள். அந்த மகளுக்கு என் வயது.

பியூலா பெரியம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். எட்வின் அண்ணன் படியிறங்கி வந்து அவள் தோளைத் தொட்டான். "போதும்மா. வீட்டுக்கு வாங்க. அவ என்னைய ஒண்ணும் சொல்லலல்லா." அவளை விலக்கி எனக்கு வழிவிட்டான்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நட. இன்னைக்கு உன்னத் தொலைச்சுக் கட்டுதேன்."

"வாரேன். செத்த நேரம் நில்லு."

கையை உருவிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த போதகரின் அறைக்குப் போனேன். அவர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஓலை நிற்கட்டும்னு சொல்லிருக்கேனேம்மா. அப்பா லீவுல வரட்டும், உக்காந்து பேசி..."

"நிக்க வேண்டாம் ஐயா. அடிச்சிருங்க. நின்னா மறுபடி நடக்கும்."

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். புத்தகத்தை எடுத்தார். எங்கள் பெயர்கள் இருந்த வரியின் மேல் கோடு போட்டார். பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அதற்கு மேல் நின்றது.

"காரணம் எழுதணுமேம்மா. உடல்நலக் குறைவுன்னு போட்டுரட்டுமா? உனக்கும் நல்லது."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு ஐயா."

"பின்ன என்னன்னு எழுத?"

ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுத் தலைகள் நெருக்கியடித்து நின்றன. அவற்றில் அம்மாவின் தலையும் இருந்தது. நான் மேசைக்கு இன்னும் கிட்டே போனேன்.

"வெளிய சொன்னதையே எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க ஐயா" என்றேன். ஜன்னலில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதால் குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.